கத்தரிக்கோல் பிடித்தால் மட்டும்

என் மனைவி முடி வெட்டும் தொழிலுக்கு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. நான் சொல்லப்போகும் விஷயம் நடந்தபோது நாற்பத்தைந்து. இடையில் இருந்த இருபத்தாறு வருடங்களில், லீவு நாட்கள், பிரசவம், மாமனாரின் சாவு எல்லாவற்றையும் கழித்துவிட்டால்கூட எண்பதாயிரம் தலைக்குக் குறையாமல் வெட்டியிருப்பாள். இப்படிக் கணக்குப் போட்டது நான்தான். அவளிடம் சொன்னபோது, "இதையெல்லாமா உக்காந்து எண்ணுவீங்க?" என்றாள். நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். எண்ணிப் பார்க்கிற புத்தி தொழிலோடு வந்து ஒட்டிக்கொண்டது.

கடையை அவளும் அவள் தங்கையும் சேர்ந்து நடத்தினார்கள். மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமான கடை. நான்கு நாற்காலி, சுவர் நீளத்துக்கு ஒரே கண்ணாடி, பின்பக்கம் தலை அலச ஒரு தொட்டி. தங்கையை வீட்டில் எல்லாரும் சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம். முடிக்கு வண்ணம் போடுவது, ஃபோன் எடுப்பது, வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுவது எல்லாம் சின்னவள். வெட்டுவது என் மனைவி. நெற்றியில் விழும் முடியை அவள் வெட்டினால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நிற்கும். அதனால் வாடிக்கையாளர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஸ்கேல் அக்கா. மற்ற மூன்று நாற்காலியும் காலியாகக் கிடந்தாலும் அவள் நாற்காலிக்காக முக்கால் மணி நேரம் காத்திருக்கிறவர்கள் உண்டு.

அந்த வருடம் சின்னவளுக்கு இரண்டாவது கடை போடும் ஆசை வந்தது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் புதிதாக அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்தன. அங்கே ஓர் இடம் பார்த்துவிட்டாள். அக்கா அங்கே போய் உட்கார்ந்தால் கூட்டம் தானாக வரும் என்பது அவள் எண்ணம். என் மனைவி மறுத்துவிட்டாள்.

"இங்க வர்ற தலையே எனக்குப் போதும்."

"உனக்குப் போதும்க்கா. எனக்குப் போதுமான்னு கேட்டியா?"

"நான் வரலன்னு மட்டும்தான் சொல்றேன். நீ போட வேண்டாம்னு சொல்லல."

"நீ வராம நான் எதை வெச்சுப் போடறது? என் மூஞ்சியை வெச்சா?"

எங்கள் வீட்டு முன்னறையில் நடந்த பேச்சு இது. என் மனைவி அதற்குமேல் பதில் சொல்லவில்லை. அவள் சண்டை போடுகிற விதம் அது. வாயை மூடிக்கொள்வாள், எதிரில் இருப்பவர் கத்திக் கத்தி ஓய்ந்துபோக வேண்டியதுதான். சின்னவள் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனாள். அடுத்த வாரம் அந்த இடத்தைப் பேசி முடித்துவிட்டதாகத் தகவல் வந்தது. அதிலிருந்து சரியாக மூன்றாவது வாரம் என் மனைவியின் கை மக்கர் செய்தது.

அன்று நாற்காலியில் இருந்தவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, பதினைந்து வருட வாடிக்கை. காதோரம் வெட்டிக்கொண்டிருக்கும்போது என் மனைவியின் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் தாமாகவே உள்ளங்கைக்குள் மடங்கின. அவள் நினைப்பதற்கு முன்னால் கத்தரிக்கோல் மூடிக்கொண்டது. காது மடலில் ஒரு சின்னக் கீறல், ஒரு சொட்டு ரத்தம். தலைமையாசிரியை பெருந்தன்மைக்காரர். "பரவால்லம்மா, இன்னொரு காது இருக்கே" என்றாராம். என் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. மீதியைச் சின்னவள்தான் வெட்டி முடித்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கையை என்னிடம் நீட்டினாள். நான் விரல் விரலாக மடக்கி நீட்டிப் பார்த்தேன். டம்ளரைப் பிடிக்கச் சொன்னேன், பிடித்தாள். கையெழுத்துப் போடச் சொன்னேன், போட்டாள். என் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்தேன், சுவரில் இருந்த சுவிட்ச் பலகையின் திருகைக் கழற்றித் திரும்பவும் மாட்டினாள். விரல்கள் சொன்னபடி கேட்டன.

"ஒண்ணுமில்ல. அசதியா இருக்கும்," என்றேன்.

"அசதின்னா வலிக்கணும்ல? வலியே இல்லையே," என்றாள்.

மறுநாளும் மடங்கியது. அதற்கடுத்த நாள் நாற்காலியில் ஆள் உட்கார்ந்து, சீப்பால் ஒரு கற்றையைத் தூக்கிப் பிடித்ததுமே மடங்கியது. எலும்பு டாக்டரிடம் போனோம். படம் எடுத்தார், ஊசியால் குத்தி ஏதோ சோதனை செய்தார், எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார். ஒரு களிம்பும் மூன்று வார ஓய்வும் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் வீட்டில் இருந்தாள். நாலாவது வாரம் கடைக்குப் போய் முதல் தலையைத் தொட்டாள். இரண்டு விரலும் சுருண்டு உள்ளே போயின.

பிறகு கையுறை விஷயம் வந்தது. ஒருநாள் சின்னவளுக்கு உதவியாக யாருக்கோ வண்ணம் பூசிவிட்டு, ரப்பர் கையுறையைக் கழற்ற மறந்து கத்தரிக்கோலை எடுத்திருக்கிறாள். கை பழைய கையாக வேலை செய்தது. அன்று ஐந்து தலை வெட்டினாள். மறுநாள் ஏழு. வீட்டுக்கு ஒரு பெட்டிக் கையுறையைத் தூக்கிக்கொண்டு வந்து, சமைக்கும்போதுகூடச் சும்மா ஒன்றைப் போட்டுக்கொண்டு திரிந்தாள். அப்படி ஒரு சந்தோஷம். நாலாவது நாள் கையுறைக்குள்ளேயே விரல்கள் மடங்கின.

இதையெல்லாம் சின்னவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் எனக்கு ஃபோன் செய்தாள்.

"மாமா, கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. ரப்பர் மாட்டினா நல்லாகி, மூணு நாள் கழிச்சுத் திரும்ப வர்ற வியாதியை நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"வேலை செய்யும்போது மட்டும் வருது. டீ குடிக்கும்போது வரல. ஃபோன்ல எழுதும்போது வரல. புதுக் கடைக்கு நான் தேதி குறிச்ச வாரத்துல வருது."

வேலை இருக்கிறது என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். ஆனால் அவள் சொன்னது மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கும் அதே கேள்வி இருந்தது, சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பத்து நாள் கழித்து, பக்கத்துத் தெருவில் ஒரு வேலை சீக்கிரம் முடிந்ததால் மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. என் மனைவி சமையலறைத் தரையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பழைய ஜன்னல் திரையை விரித்துப் போட்டுத் துடைக்கிற துணிக்காகக் கிழித்துக்கொண்டிருந்தாள். கிழிக்கவில்லை, வெட்டிக்கொண்டிருந்தாள். கையில் பெரிய கத்தரிக்கோல். அது துணியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் ஒரு கோணல் இல்லாமல் போனது. நான் விரல்களைத்தான் பார்த்தேன். மோதிர விரலும் சுண்டு விரலும் இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய விதத்தில் இருந்தன.

நான் உள்ளே போகவில்லை. சத்தம் இல்லாமல் படி இறங்கிக் கீழே போனேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஷூவைத் தட்டித் தட்டி மறுபடி மேலே ஏறினேன். அவள் அதே இடத்தில் அதே வேலையில் இருந்தாள். எதையும் மறைக்கவில்லை. "சீக்கிரம் வந்துட்டீங்களே" என்றாள். வேலை முடிந்துவிட்டது என்றேன். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து சின்னவளுக்கு ஃபோன் செய்தேன்.

"வீட்ல நல்லாத்தான் வெட்டறா," என்றேன்.

மூன்றே வார்த்தை. சின்னவள் சரி மாமா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை என் மனைவி கடைக்குப் போனபோது அவள் நாற்காலிக்குப் பின்னால் வேலைக்குப் புதிதாக வந்த ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். சீப்பு, கிளிப், கத்தரிக்கோல் உறை எல்லாம் ஓர் அட்டைப்பெட்டிக்குள் போடப்பட்டுத் தொட்டிக்குப் பக்கத்து அலமாரியில் இருந்தன. "கை சரியானதும் வாக்கா, அவசரமே இல்ல" என்று சின்னவள் சொன்னாளாம். என் மனைவி பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள் பேச்சு குறைந்தது. வேலை போன துக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன். துக்கமாக நடிப்பதும் நடிப்பின் ஒரு பகுதியோ என்றும் ஒரு மூலையில் ஓடியது. அதையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ரயில் நிலையத்துக் கடையின் பூட்டைச் சின்னவள் திறக்கவே இல்லை. அக்கா இல்லாமல், ஏற்கெனவே இருக்கிற கடையே தள்ளாடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தலைமையாசிரியை வீட்டுக்கே வந்துவிட்டார். காதில் தழும்புகூட இல்லை என்று காட்டினார். பிறகு சொன்னார்.

"எங்க ஸ்கூல்ல பாட்டு வாத்தியார் ஒருத்தர் இருந்தார். வயலின் எடுத்தா மட்டும் இடது கை விரல் ரெண்டு மடங்கிக்கும். கீழ வெச்சா நீண்டுக்கும். எல்லாரும் ஓபி அடிக்கிறார்னு சொன்னோம். நானே சொல்லியிருக்கேன். அப்புறம் ஒரு நரம்பு டாக்டர்தான் கண்டுபிடிச்சார். உன் கையைப் பத்தி யோசிச்சிட்டே இருந்தேன், நேத்துதான் பொறி தட்டிச்சு."

முகவரியை எழுதிக் கொடுத்தார். என் மனைவி போகலாம் என்றாள். நானும் கூடப் போனேன். பெரிய டாக்டர் ஒருவர் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டால் இந்தக் கதை ஒரு முடிவுக்கு வரும் என்பது என் கணக்கு.

டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கத்தரிக்கோலும் சீப்பும் கொண்டுவரும்படி ஃபோனிலேயே சொல்லியிருந்தார். முதலில் தன் மேசையில் இருந்த காகிதக் கத்தரிக்கோலைக் கொடுத்து ஒரு தாளை வெட்டச் சொன்னார். வெட்டினாள். விரல் அசையவில்லை. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். பிறகு அவளுடைய கத்தரிக்கோலால் காற்றில் வெட்டச் சொன்னார். சுண்டு விரல் லேசாகத் துடித்தது. அடுத்து, தன் சுழல் நாற்காலியைத் திருப்பி அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"பின்கழுத்துல கொஞ்சம் எடுத்துவிடுங்க."

"வேண்டாம் டாக்டர். வெட்டுப் பட்டுடும்."

"பட்டா கட்டுப் போடறதுக்கு ஆஸ்பத்திரியிலதானே இருக்கேன்."

அவள் சீப்பால் கற்றையைத் தூக்கினாள். இரண்டு விரலும் உள்ளே சுருண்டன. டாக்டர் எதிரில் இருந்த கண்ணாடி அலமாரியில் அதைப் பார்த்தார். போதும் என்றார்.

"வீட்ல கத்தரிக்கோல் பிடிச்சா இப்படி ஆகுதா?"

நான் நாற்காலியில் நிமிர்ந்தேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். "ஆகாது டாக்டர். துணி வெட்டுவேன், பாக்கெட் பிரிப்பேன், ஒண்ணுமே ஆகாது. தலைமுடியைப் பிடிச்சாத்தான் ஆகுது. அதான் எனக்கே பைத்தியம் பிடிச்சிடும்போல இருக்கு."

இத்தனை நாளில் நான் அவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

"அதுதான் இதோட அடையாளம்," என்றார் டாக்டர். "மத்த எல்லா வேலைக்கும் கை நல்லா இருக்கும். எந்த வேலையை ஆயிரக்கணக்கான தடவை ஒரே மாதிரி செஞ்சாங்களோ அதுக்கு மட்டும் கை ஒத்துழைக்காது. கையுறை போட்டா மூணு நாள் சரியாச்சுன்னு சொன்னீங்க பாருங்க, அதுவும் பல பேருக்கு நடக்கும். தொடுற உணர்ச்சி புதுசா இருக்கறதால மூளை கொஞ்சம் ஏமாறும். பழகினதும் ஏமாறாது."

அவளைக் கண்ணை மூடச் சொல்லி, முனை மழுங்கிய ஒரு கம்பியால் விரல் நுனிகளைத் தொட்டார். எந்த விரல் என்று சொல்ல வேண்டும். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் எல்லாம் சட்டென்று சொன்னாள். மோதிர விரலைத் தொட்டபோது யோசித்தாள். சுண்டு விரல் என்றாள். மறுபடி தொட்டார். மோதிர விரல் என்றாள். சுண்டு விரலைத் தொட்டார். அதையும் மோதிர விரல் என்றாள். கண்ணைத் திறந்து, கம்பி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, தன் கையை யாருடையதோ மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

டாக்டர் ஒரு தாளை எடுத்து ஐந்து கட்டம் போட்டார். "மூளையில ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியா இடம் இருக்கு, ஒரே வரிசையில இருக்கற வீடுங்க மாதிரி. நாம எதைக் கத்துக்கிட்டாலும் அந்த இடம் மாறும். அதிகமா உழைக்கற விரலோட வீடு பெருசாகும். உங்களுக்கு இந்த ரெண்டு விரலும் இருபத்தாறு வருஷமா ஒண்ணாவே அசைஞ்சிருக்கு. நடுவுல இருந்த சுவர் தேஞ்சுபோச்சு. இப்ப ஒருத்தரைக் கூப்பிட்டா ரெண்டு பேரும் எழுந்து வர்றாங்க. இப்படித்தான் நடக்குதுன்னு நாங்க நெனைக்கறோம். எல்லாம் தெரிஞ்சுடுச்சுன்னு சொல்லமாட்டேன்."

"செய்யச் செய்யக் கை நல்லாத்தானே பழகணும்?" என்று நான் கேட்டேன்.

"நல்லாத்தான் பழகிச்சு. அந்தப் பழக்கமே ஒரு எல்லைக்கு மேல போயிடுச்சு. எல்லாருக்கும் இப்படி வராது. ஏன் இவங்களுக்கு வந்ததுன்னு எனக்குத் தெரியாது."

என் மனைவி கேட்டாள். "இது மனசுல இருந்து வர்றது இல்லையே டாக்டர்? நானா செய்யறது?"

"யார் சொன்னாங்க அப்படி?"

"யாரும் இல்ல. சும்மா கேட்டேன்."

ஊசி போட்டு விரலின் பிடியைத் தளர்த்தலாம், அல்லது பயிற்சி செய்து பார்க்கலாம், இரண்டுமேகூடச் செய்யலாம் என்றார். கற்றுக்கொண்டதால் கலைந்ததைக் கற்றுக்கொடுத்தே ஓரளவு பிரிக்க முடியும், முழுதாகத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். விரலைத் தளரவிட அவளுக்கு மனமில்லை. பயிற்சி என்றாள்.

மறுநாள் காலை நான் கடைக்குப் போனேன். சின்னவள் கிண்ணத்தில் வண்ணம் கலக்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் கலக்குவதை நிறுத்தவில்லை.

"அப்ப நீங்க வீட்ல பாத்தேன்னு சொன்னது?"

"பாத்தது நிஜம். நெனச்சது தப்பு."

"நான் அவளைப் பெட்டியும் கையுமா அனுப்பினேனே, அது?"

 அவள் கிண்ணத்தைப் பார்த்து, கெட்டியாகிவிட்டது என்று சொல்லித் தொட்டியில் கொட்டினாள்.

பயிற்சி கொடுத்த அம்மாள் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் ஒரு நீள அறையில் இருந்தார். முதல் கட்டளை, நான்கு மாதத்துக்கு முடி வெட்டவே கூடாது, ஒரே ஒரு தடவைகூட. "பழைய வழியில ஒரு தடவை போனாலும் அந்த வழி இன்னும் ஆழமாகும்" என்றார். இரண்டாவது, கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரே ஒரு விரலால் பொருள்களைத் தொட்டு அடையாளம் சொல்ல வேண்டும். பொத்தான், கயிறு, பல்வேறு துணிகள் என்று ஒரு பட்டியல் தந்தார். மூன்றாவது, கையை மேசைமேல் விரித்து வைத்து, மற்ற விரல்கள் அசையாமல் ஒரு விரலை மட்டும் தூக்க வேண்டும்.

பொத்தானும் கயிறும் ஒரு வாரத்தில் அவளுக்குப் பாடமாகிவிட்டன. அதனால் நான் வேலையிடத்திலிருந்து உப்புத்தாள் கொண்டுவந்தேன். மிகவும் சொரசொரப்பானதிலிருந்து மிகவும் நைசானதுவரை ஐந்து ரகம். ஒரே அளவில் துண்டு போட்டு, பின்பக்கம் எண் எழுதி, சாப்பாட்டு மேசையில் கலைத்து வைப்பேன். அவள் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு மோதிர விரல் நுனியால் தடவி, எந்த ரகம் என்று சொல்வாள். இருபது தடவை மோதிர விரல், இருபது தடவை சுண்டு விரல். சரி, தப்பு என்று நான் நோட்டில் குறிப்பேன். முதல் வாரம் மோதிர விரலுக்கு இருபதில் ஏழு. கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னாலே நான்கு வரும்.

வெளியூரில் வேலை செய்யும் எங்கள் மகள் ஃபோனில் என்ன விசேஷம் என்று கேட்டபோது, "உங்கப்பா எனக்கு உப்புத்தாள் வாங்கிக் கொடுத்துக் குடும்பம் நடத்தறார்" என்று என் மனைவி சொன்னாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் கிண்டல் அது.

தினமும் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும் முன் அரை மணி, சாயங்காலம் அரை மணி. ஏழு என்பது ஒன்பது ஆனது, திரும்பவும் ஏழு ஆனது, பிறகு பதினொன்று. விரலைத் தூக்கும் பயிற்சிதான் அவளை அழவைத்தது. மோதிர விரலைத் தூக்கினால் சுண்டு விரலும் வால் மாதிரி கூடவே எழுந்து வரும். நூறு தடவை செய்வாள், நூறு தடவையும் வரும். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கையை விரிப்பாள். மூன்றாவது மாதத்தில் ஒரு காலை, நான் தட்டில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "பாருங்க" என்றாள். மோதிர விரல் மட்டும் மேசையிலிருந்து நகத்தின் உயரத்துக்கு எழுந்து நின்றது. சுண்டு விரல் படுத்திருந்தது. இரண்டு நொடி இருக்கும். பிறகு அதுவும் எழுந்துவிட்டது. "பாத்தேன்" என்றேன். அவள் மறுபடி கையை மேசைமேல் விரித்தாள்.

என்னால் அதற்குமேல் மனதில் வைத்திருக்க முடியவில்லை. அந்த வாரமே, மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பேச்சை எடுத்தேன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ வீட்ல திரையை வெட்டினதை நான் பாத்தேன். பாத்துட்டு சின்னவகிட்ட சொன்னேன்."

"தெரியும்," என்றாள். ஒரு சட்டையை உதறினாள். "என்னைப் பெட்டியோட அனுப்பின அன்னைக்கே அவ சொல்லிட்டா. மாமாவே சொன்னார்னு."

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க? கண்ணால பாத்தேன்னு சொல்லியிருப்பீங்க. நான் வெட்டினது நிஜம். கை சுருண்டதும் நிஜம். ரெண்டும் எப்படி நிஜமா இருக்கும்னு எனக்கே தெரியல. உங்களுக்கு என்னன்னு புரியவைக்கறது? ஒரு கட்டத்துல நானேதான் நடிக்கறேனோன்னு தோணிச்சு. உண்மையிலேயே புதுக் கடைக்குப் போகப் பிடிக்காம எனக்குத் தெரியாமலே என் கை இப்படிப் பண்ணுதோன்னு. ராத்திரியெல்லாம் அதைத்தான் யோசிச்சேன்."

நான் கிளிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க சந்தேகப்பட்டதுகூட எனக்குப் பெருசா தெரியல," என்றாள். "அன்னைக்கு ரெண்டு தடவை படி ஏறினீங்க பாருங்க. முதல் தடவை ஏறினதே எனக்குக் கேட்டுச்சு. உள்ள வருவீங்கன்னு பாத்தேன். இறங்கிப் போயிட்டீங்க. அப்புறம் ஷூவைத் தட்டிக்கிட்டு வந்தீங்க. அதுதான் இன்னும் இருக்கு."

கிளிப்பைக் கொடுங்கள் என்று கையை நீட்டினாள். கொடுத்தேன்.   துணி முழுவதும் காயப்போட்டுவிட்டுத்தான் கீழே இறங்கினோம்.

ஐந்தாவது மாதம் கத்தரிக்கோலைத் தொட அனுமதி கிடைத்தது. பழைய பிடி கூடாது. மோதிர விரல் இருந்த வளையத்தில் இனி நடு விரல். வளையத்தைச் சுற்றிப் பஞ்சு ஒட்டி, தொட்டால் வேறு பொருள் என்று தெரிய வேண்டும். முதலில் கம்பளி நூல், நொடிக்கு ஒரு வெட்டு. இருபத்தாறு வருடம் வெட்டியவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு நூலை வெட்டினாள். நூல் சரியானதும், முடி வைத்த பொம்மைத் தலை வேண்டும் என்று பயிற்சி அம்மாள் சொன்னார். நான் சின்னவளிடம் சொன்னேன். மறுநாளே கடையில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் ஒரு பையைக் கொடுத்து அனுப்பினாள். உள்ளே மூன்று பொம்மைத் தலைகளும் அவற்றை மேசையில் பொருத்துகிற இடுக்கியும் இருந்தன. சின்னவள் வரவில்லை.

பொம்மைத் தலைகள் மூன்றும் மொட்டையான பிறகுதான் வந்தாள். வந்தவள் நேராகச் சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுத்து முன்னறை வெளிச்சத்தில் போட்டு உட்கார்ந்தாள். கிளிப்பை எடுத்து முடியை அவிழ்த்துவிட்டாள்.

"வெட்டுக்கா."

"நேரா வராதுடி."

"வரலன்னா போகட்டும்."

"கடையில உக்கார்ற தலை. நாலு பேர் பாப்பாங்க."

"பாக்கட்டும்னுதான் சொல்றேன்."

என் மனைவி அவள் தோளில் துண்டைப் போட்டாள். ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. முன்பு என்றால் பதினைந்து நிமிட வேலை. ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் கையைத் தளரவிட்டு, மூச்சை விட்டு, பிறகு கற்றையைப் பிடித்தாள். இரண்டு தடவை சுண்டு விரல் உள்ளே போகப் பார்த்தது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்தாள். சின்னவள் தலையைத் திருப்பாமல் அப்படியே இருந்தாள். நடுவில் ஒரு தடவை மட்டும், "அந்த இடத்தை விட்டுட்டேன்க்கா. ரயில் நிலையத்துப் பக்கம்" என்றாள். "ம்" என்றாள் என் மனைவி. "அன்னைக்கு நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றாள் சின்னவள். "தலையை ஆட்டாத" என்றாள் என் மனைவி.

முடித்தபோது இடது பக்கம் வலது பக்கத்தைவிட விரற்கடை நீளமாக இருந்தது. சரி செய்கிறேன் என்று என் மனைவி கத்தரிக்கோலை எடுத்தாள். வேண்டாம் என்று சொல்லிச் சின்னவள் கிளம்பிவிட்டாள். மூன்று வாரம் அந்தத் தலையோடுதான் கடையில் நின்றாள். கேட்டவர்களிடமெல்லாம் அக்கா வெட்டியது என்று சொன்னாளாம்.

இது நடந்து இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. என் மனைவி வாரத்தில் மூன்று நாள் கடைக்குப் போகிறாள். ஜன்னலோரம் ஐந்தாவதாக ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். புதுப் பெண் பழைய நாற்காலியிலேயே இருக்கிறாள். அவளை மாற்ற வேண்டாம் என்று என் மனைவிதான் சொன்னாள். வேகம் பாதிகூட இல்லை. பழைய வாடிக்கையாளர்களில் கொஞ்சம் பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள், கொஞ்சம் பேர் நாள் கேட்டு வருகிறார்கள். உப்புத்தாளில் மோதிர விரல் இருபதுக்குப் பதினேழு, சுண்டு விரல் பதினைந்து. அதற்குமேல் ஏறவில்லை. மூளைக்குள் அந்தச் சுவர் திரும்ப எழுந்ததா, இல்லை பக்கத்தில் புதிதாக வேறு வழி ஒன்று உண்டானதா என்று யாரும் படம் எடுத்துப் பார்க்கவில்லை. டாக்டரிடம் கேட்டேன். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம் என்றார்.

என்னோடு முன்பு மாதிரி பேசுகிறாள். சில நாள் நான் படியேறி வரும்போது, கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே உள்ளேயிருந்து "வாங்க" என்று குரல் கொடுக்கிறாள். நானும் நிற்காமல் உள்ளே போகிறேன்.

ஒரு நாளைக்கு நான்கு தலை என்பது அவளாக வைத்துக்கொண்ட எல்லை. ஐந்தாவது தலையில் சுண்டு விரல் கனக்க ஆரம்பிக்கிறது என்கிறாள். அதனால் நாலாவது முடிந்ததும் கத்தரிக்கோலைத் துடைத்து உறையில் போடுகிறாள், தொட்டிக்குப் போய்ச் சின்னவள் கொண்டுவந்து உட்கார வைப்பவர்களின் தலையை அலசிவிடுகிறாள். ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.